பாதியில் நின்ற குழி

12.2.1977

மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கினேன். போடிமெட்டிலிருந்து கீழே வருகிற வரைக்கும் என் மடியில் யாருடைய கோழியோ உட்கார்ந்து வந்தது. சட்டையைக் கழற்றி உதறுவதற்குள் சந்திரவல்லி ஓடிவந்து, "சிமெண்ட்டுக்குப் பர்மிட்டு வந்திருச்சுங்க" என்றாள். முகத்தில் பொங்கல் களை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இவள் பட்டுச்சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. கேட்டது ஒரு கக்கூஸ். அதையும் நான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இழுத்தடித்தேன். மலையில் ஏலக்காய் ஸ்டோரில் எடை எழுதிக்கொண்டு வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருகிறவனுக்கு என்ன அவசரம்?

எங்கள் தெருவுக்குத் தெருச் சாக்கடையே ஒழுங்காகக் கிடையாது. பாதாளச் சாக்கடை என்பதெல்லாம் மதுரைக்காரர்கள் பேசுகிற பேச்சு. ஆண்கள் எந்நேரமும் ஓடைப் பக்கம் போய்விடலாம். பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நடுவில் வந்தால்? வரக்கூடாது, அவ்வளவுதான்.

தினமும் ஆள் வந்து அள்ளிப் போகிற எடுப்புக் கக்கூஸ் கட்டிக்கொள்ளலாமே என்று ஒரு தடவை சொன்னேன். "நம்ம அசிங்கத்தை இன்னொருத்தி தலையில தூக்கி வைக்கவா? எனக்கு வேணாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அதனால்தான் செப்டிக் டேங்க். முதலாளி பங்களாவில் கட்டும்போது கூடவே நின்று பார்த்தவன் நான். தொட்டிக்குள் ஒரு தடுப்புச் சுவர். கசடு அடியில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வழிந்து பக்கத்துக் குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கிவிடும். இதை ஆத்தாவுக்கு விளக்கினேன். மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டாள்.

13.2.1977

ஒச்சப்பன் கொத்தனார் வந்து கொல்லையை அளந்தான். கிணற்றை விட்டுத் தள்ளி, மாட்டுக் கொட்டத்துக்கு அந்தப் பக்கம் முளை அடித்தோம்.

ஆத்தா பின்வாசலில் நின்று, "சோறு திங்கிற வீட்டுலயே அதையும் செய்யணுமாக்கும்? பட்டணத்தான் புத்தி உனக்கு எதுக்குடா அப்பு?" என்றாள்.

"நீயும் ஒருநாள் உக்காந்து பாரு ஆத்தா, பெறகு எந்திரிக்கவே மாட்டே" என்றேன்.

ஒச்சப்பன் நூல்குண்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். ஆத்தா ராத்திரி எனக்குச் சோறு போடவில்லை. சந்திரவல்லிதான் போட்டாள்.

20.2.1977

தோண்ட ஆரம்பித்தாயிற்று. மேலே செம்மண், கொஞ்ச ஆழத்திலேயே சுக்கான்பாறை. கடப்பாரை எகிறுகிறது. "மலையடிவாரம்ல அண்ணே, மண்ணுக்குள்ளயும் மலைதேன்" என்கிறான் ஒச்சப்பன். தெரு முழுக்க எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "முடிஞ்சதும் எங்களையும் ஒருநாள் விடுவீகளாண்ணே?" என்றாள். "வெள்ளிக்கிழமை உனக்குன்னு எழுதி வச்சிர்றேன், போடி" என்றாள் சந்திரவல்லி. இவள் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

6.3.1977

குழி பாதிதான் ஆகியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு எழுத வேண்டியது குழியைப் பற்றி இல்லை.

சந்திரவல்லி உண்டாகியிருக்கிறாள்.

எத்தனை கோயில், எத்தனை மருந்து, ராசிங்காபுரத்தில் இவள் அம்மா வீட்டுப் பேச்சு எத்தனை! ஆத்தா அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். நானும் மாட்டுக் கொட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மாடு மட்டும்தான் பார்த்தது.

7.3.1977

மலைக்குப் போகவில்லை. ஒருநாள் லீவு சொல்லி அனுப்பினேன்.

காலையில் ஒச்சப்பன் வரவில்லை. போய்க் கேட்டால், "வீட்டுல புள்ளைத்தாச்சி இருக்கையில மண்ணை வெட்டக்கூடாதுண்ணே. குழி தோண்டுனா வயித்துக்கு ஆகாது. நான் கடப்பாரையை எடுத்துட்டு வந்துட்டேன்" என்கிறான். ஊருக்கே ராத்திரியோடு செய்தி போயிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தக் காலத்தில் இப்படியொரு பேச்சா என்று திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வேறு ஆள் பார்க்கிறேன் என்று சந்திரவல்லியிடம் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. நிப்பாட்டிருங்க."

"நீயுமா இதை நம்புறே?"

"நம்புறேனோ இல்லையோ, பயமா இருக்கு. எட்டு வருசம் இல்லாத கக்கூசு, இன்னும் எட்டு மாசம் இல்லாட்டி என்ன? புள்ளை பெறக்கட்டும். பெறகு எம்புட்டு வேணும்னாலும் தோண்டுங்க."

சரி என்றேன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசிக்கிறேன். ஸ்டோரில் மற்றவர்களிடம் நல்ல நேரம், கெட்ட நேரமெல்லாம் பொய் என்று வாய் கிழியப் பேசுகிறவன் நான். அவள் கேட்டவுடன் சரி என்றேனே, அவளுக்காகவா? இல்லை. அவள் நிறுத்தச் சொன்னபோது எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

17.4.1977

குழிமேல் பனை ஓலை போட்டு, சுற்றி முள் வைத்து அடைத்தாயிற்று. செங்கல் எல்லாம் சுவரோரம் அடுக்கிக் கிடக்கிறது. சிமெண்ட் மூட்டையை உள் அறையில் பலகை மேல் ஏற்றினேன். அவள் மாங்காய் கேட்டாள். வாங்கிவந்தேன். அவ்வளவு புளிப்பை எப்படித்தான் தின்கிறார்களோ.

10.7.1977

மலையில் ஓயாத மழை. மெட்டு ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்துவிட்டது. போன வாரமும் இறங்க முடியவில்லை, இந்த வாரமும் இல்லை. அட்டை கடித்துக் காலெல்லாம் புண். பிள்ளைக்கு ஆணானால் என்ன பெயர், பெண்ணானால் என்ன பெயர் என்று எடைச் சீட்டின் பின்னால் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

21.8.1977

வீட்டில். வயிறு நன்றாகத் தெரிகிறது; ஆனால் முகம் வற்றிக் கிடக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. "சாப்பிடுறியா?" என்றால், "சாப்பிடுறேன்". "தூங்குறியா?" என்றால், "தூங்குறேன்". மலைத்தேன் கொண்டுவந்ததைக் கொடுத்தேன். இடுப்பு வலிக்கிறது என்றாள். இந்த மாதத்தில் எல்லோருக்கும் வலிக்கும் என்று ஆத்தா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விடியலில் முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குப் போய் வந்தாள். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது.

22.9.1977

ஸ்டோரில் காய் எடுப்பு மும்முரம். காயை உலர்த்துகிற இரண்டு அடுப்பும் அணையாமல் எரிகிறது. மூன்று வாரமாக வீட்டுக்குப் போகவில்லை. பத்து மணி வாக்கில் ஜீப்பு ஓட்டுகிற காசிமாயன் ஸ்டோர் வாசலில் வந்து நின்று, "அண்ணே, வெரசா ஏறுங்க. வீட்ல உடம்புக்கு முடியலையாம், ஆஸ்பத்திரில சேத்திருக்காகளாம்" என்றான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டான். 

காய்ச்சலில் கொதிக்கிறாள். என்னைப் பார்த்து, "வந்துட்டீகளா" என்றாள்.

23.9.1977

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீர்ப்பையில் சீழ் வைத்து, அது மேலே ஏறி, காய்ச்சல் கண்டு, அதனால் மாதம் நிறையாமலே வலி வந்துவிட்டது என்றார்.

"இவங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை.

"நீர்க்கடுப்பு எத்தனை நாளா இருக்கு?"

அதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு மூட்டையும் எத்தனை கிலோ என்று பார்க்காமலே சொல்கிறவன். பெண்டாட்டி எப்போது தண்ணீர் குடிக்கிறாள் என்று தெரியாது.

முத்துப்பேச்சிதான் வராண்டாவில் அழுதுகொண்டே சொன்னாள். "பகல்ல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா அண்ணே. குடிச்சா போகணும்ல? எங்க போறது? முன்னாடின்னா அடக்கிக்கிருவா. வயிறு கனத்த பெறகு அடக்கவும் முடியல, ஓடவும் முடியல. அதான் குடிக்கிறதையே விட்டுட்டா. கடுக்குதுடின்னு என்கிட்ட சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதடின்னா. நாங்க எல்லாரும் அப்படித்தேன் இருக்கோம். மாசமா இருக்கவளுக்குத் தாங்குமா?"

எல்லாரும் அப்படித்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு இது தெரியாது.

24.9.1977

ஆண் பிள்ளை. சாயங்காலம் வரை இருந்தான்.

25.9.1977

நானும் ராசிங்காபுரத்து மச்சானும் போய் ஆற்றங்கரையில் அவனை வைத்துவிட்டு வந்தோம். குழி வெட்டுகிறவன் மண்வெட்டியை எடுத்து வெட்டினான்.  வீட்டில் வெட்டாதே என்று தடுத்த மண், இங்கே வெட்டினால் மட்டும் பரவாயில்லையா? – அதை அவனிடம் கேட்கத் தோன்றியது. அவன் என்ன செய்வான், பாவம்.

2.10.1977

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சந்திரவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஆத்தா அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்குள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. நான் இதை நம்பி நிறுத்தியிருந்தால் ஒரு சமாதானம் இருக்கும். நம்பிக்கைக்காரன், நம்பினான், தவறிவிட்டது என்று. நான் நம்பவில்லையே! நம்பாமலே நிறுத்தினேனே! பாதிக் குழியிலேயே சின்னதாக ஒரு தொட்டி கட்டியிருக்கலாம். ஓலையைச் சுற்றி மறைத்து ஒரு மண்சட்டி வைத்து, நானே காலையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம். இன்றைக்கு எத்தனை வழி தோன்றுகிறது.

9.10.1977

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

ஒச்சப்பன் வந்தான். துக்கம் கேட்கத்தான் வந்தான், அதில் சந்தேகமில்லை.  பிறகு மெதுவாக, "அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. இனித் தடை ஒண்ணும் இல்லையே. நாளைக்குக் கடப்பாரையைக் கொண்டாந்து அந்த வேலையை ஆரம்பிச்சிரட்டுமா?" என்றான்.

தடை ஒண்ணும் இல்லையே!

என் பிள்ளையா தடை? என் பிள்ளை போனதால் வழி திறந்துவிட்டதா? நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். என்னென்னவோ கத்தினேன். "போடா, இந்த வாசப்படியை மிதிக்காதே! ஒன் கடப்பாரையும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்!" ஆத்தா ஓடிவந்து என்னை இழுத்தாள். அவன் சட்டைப் பொத்தான் என் கையில் இருந்தது. அவன் சட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனான்.

உள்ளே சந்திரவல்லிக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

10.10.1977

குழியை மூடிவிட்டேன். நானே மூடினேன். ஓலையை உருவி எறிந்து, தண்ணீரை இறைத்து, வெளியே குவிந்து கிடந்த மண்ணையெல்லாம் உள்ளே தள்ளினேன். மத்தியானம் ஆரம்பித்தது பொழுது சாய முடிந்தது. செங்கலையும் சிமெண்ட்டையும் கேட்டவனுக்குக் கொடுத்துவிட்டேன். என் பிள்ளை செத்ததால் கிடைத்த அனுமதியில் எனக்கு ஒரு கக்கூஸ் வேண்டாம். வீட்டில் அதைப் பற்றி யாரும் இனிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

யாரும் பேசவில்லை.

4.12.1977

ஒச்சப்பனை டீக்கடையில் பார்த்தேன். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கடா" என்றேன். "விடுங்கண்ணே, எனக்கும் வாயில சனி" என்றான். இரண்டு பேரும் டீ குடித்தோம். அவன் அதே சட்டையைப் போட்டிருந்தான்; வேறு நிறத்தில் ஒரு பொத்தான்.

11.6.1978

மூடின இடத்தில் ஆத்தா கீரை போட்டிருக்கிறாள். செழிப்பாக வந்திருக்கிறது. நான் சாப்பிடவில்லை.

19.11.1978

விடாத தூறல். விடியலில் சந்திரவல்லி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனாள். முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல், துணைக்கு யாரும் இல்லை. கதவோரம் நின்று அவள் போவதைப் பார்த்தேன். நான் குழியை மூடியது யாருக்காக என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குமேல் யோசிக்காமல் போய்ப் பல் விளக்கினேன்.

1979 முழுக்க ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்கும் ஒன்றும் இல்லை. இதை 1.1.1980 அன்று எழுதி வைக்கிறேன்.

9.3.1980

சந்திரவல்லி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள்.

இந்தத் தடவை யாரும் அழவில்லை. ஆத்தா போய்ச் சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள்.  எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ராசிங்காபுரத்தில் அம்மா வீட்டில் போய் இருக்கிறாயா என்று கேட்டேன். "அங்க மட்டும் என்ன இருக்கு? அங்கயும் ஓடைதான்" என்றாள்.

10.3.1980

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவள் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"கொல்லையில குழியைத் தோண்டுங்க."

ஆத்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் மென்றதை விழுங்கவில்லை.

"இப்பவா?"

"இப்பத்தேன். இப்ப இல்லாம பெறகு எதுக்கு?"

"ஒனக்குப் பயமா இல்லையா சந்திரா?"

"இருக்கு. அன்னைக்குப் பயந்து நிப்பாட்டச் சொன்னதும் நாந்தேன். நிப்பாட்டுனதுக்கு என்ன கெடைச்சுச்சு?" பிறகு குரல் உடைந்துவிட்டது. "நிப்பாட்டுறப்பவாச்சும் என்னைக் கேட்டு நிப்பாட்டுனீக. மூடுனப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? புள்ளை போனது ஒங்களுக்கு மட்டுமா? ஒங்க கோவத்தை மண்ணைத் தள்ளி மூடிட்டு நீங்க மலைக்குப் போயிட்டீக. ரெண்டு வருசமா சாக்கைப் போட்டுக்கிட்டு யாரு போறது?"

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். துக்கம் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். அதை மூடி வைக்க எனக்கு உரிமை உண்டு என்றும் நினைத்திருந்தேன். என் ரோஷத்துக்கு இவள் தினமும் இரண்டு வேளை நடந்திருக்கிறாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? – தோன்றியது. அன்றைக்கு மழையில் தோன்றியது. பல் விளக்கப் போய்விட்டேன்.

11.3.1980

ஒச்சப்பன் முடியாது என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். "வேற எந்த வேலைன்னாலும் சொல்லுங்கண்ணே. ஏற்கெனவே ஒண்ணு போன வீடு. நான் கடப்பாரை போட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் உசுரோட இருக்க முடியுமா?" அவன் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை சட்டையைப் பிடிக்கவில்லை. வேறு இரண்டு பேரிடம் கேட்டேன். காது கேட்காதது போல நடித்தார்கள்.

கடப்பாரையை மட்டும் இரவல் வாங்கி வந்தேன்.

12.3.1980

ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் ஆத்தா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தேவாரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டாள். "இந்தக் கண்ணால இதைப் பாக்க மாட்டேன். நீ மண்ணை வெட்டலடா, ஒன் வம்சத்தை வெட்டுறே" என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் பஸ்சுக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்றவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்.

கீரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முதல் வெட்டு வெட்டினேன்.

14.3.1980

மூடின மண் இளகித்தான் இருக்கிறது, சீக்கிரம் வருகிறது. கூடையில் அள்ளி நானே மேலே ஏறிக் கொட்டுகிறேன். எடை எழுதியே பழகின கை, கொப்புளமாகிவிட்டது. சுவருக்கு மேல் தலைகள் வந்து வந்து போகின்றன. 

சந்திரவல்லி மாட்டுக் கொட்டத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போ, பார்க்காதே என்று முத்துப்பேச்சி கெஞ்சினாள். "பாக்கத்தேன் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் செம்பு. என்னைப் பார்த்துக்கொண்டே நாளெல்லாம் தண்ணீர் குடிக்கிறாள். மத்தியானத்தில் எழுந்து ஓலை மறைப்புக்குள் போகிறாள். அங்கே மண்சட்டி வைத்திருக்கிறேன். நான்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். மூன்று வருஷம் முந்திச் செய்திருக்க வேண்டிய வேலை.

16.3.1980

பாறைக்கு வந்துவிட்டேன். கடப்பாரை பாறையில் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் வயிற்றைப் பார்க்கிறேன். ஒரு தடவை அவள் முகம் சுளித்தது. கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறி ஓடினேன். "எறும்பு கடிச்சிருச்சுங்க" என்றாள். குழி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம்பாதவனாம் நான்!

18.3.1980

பாதி மட்டத்தைத் தாண்டி நான் நினைத்த ஆழம் வந்துவிட்டது. சாயங்காலம் ஒச்சப்பன் வந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்தான், சுற்றி நடந்தான், தலையைச் சொறிந்தான்.

"தோண்டத்தாண்ணே கூடாதும்பாக. கட்டக்கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றான்.

கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

"நாளைக்குச் செங்கல் ரெண்டு லோடு சொல்லிர்றேன். சுவரு கோணாம நீங்க கட்டிருவீகளா என்ன?"

சிரிப்பு வந்தது. கூடவே, இந்தப் பேச்சை அன்றைக்கே பேசியிருந்தால், அந்தப் பாதிக் குழியிலேயே கட்டியிருப்போமே என்றும் வந்தது. அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கும் வந்திருக்கும்.

27.4.1980

மறுபடி பர்மிட்டு எழுதிச் சிமெண்ட் வாங்கி, வேலை முடிந்தது. தடுப்புச் சுவர் வைத்தாயிற்று, தண்ணீர் இறங்குகிற பக்கத்துக் குழியையும் நானே தோண்டியாயிற்று, மேலே கல்பலகை போட்டுப் பூசியாயிற்று. காற்றுக்குழாய் கூரைக்கு மேல் நிற்கிறது. தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்சம் சாணியைக் கரைத்து ஊற்றினோம். புழு பூச்சி பிடித்தால்தான் தொட்டி வேலை செய்யுமாம். பீங்கான் கோப்பை வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

சந்திரவல்லி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நடுப்பகல். ரொம்ப நேரம் வரவில்லை. கூப்பிட்டேன்.  கதவுக்குப் பக்கத்தில் போனேன். உள்ளே அழுதுகொண்டிருந்தாள். நான் திரும்பி வந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டேன்.

13.7.1980

மலையில் மழை. எப்படியும் வாரா வாரம் இறங்கிவிடுகிறேன். ஜீப் வராவிட்டால் குறுக்குப் பாதையில் நடந்து. ஏழாம் மாதம் நெருங்குகிறது. வேலையில் மனசே இல்லை.

3.8.1980

ஆத்தா தேவாரத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள். வளையல் வாங்கி வந்திருக்கிறாள். என்னிடம் பேசவில்லை. மருமகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

21.9.1980

டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதே வராண்டா. நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றேன்.

7.10.1980

பெண். நல்லபடியாகப் பிறந்தாள். அழுகிறாள், நன்றாகவே அழுகிறாள்.

2.11.1980

பிள்ளையைப் பார்க்க இன்றைக்குத் தெருவே வந்தது. ஒச்சப்பன் ஒரு கிலுகிலுப்பை கொண்டுவந்தான். ஆத்தா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் மூக்கைக் காட்டுகிறாள், தன் மூக்காம்.

முத்துப்பேச்சி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பாத்தீகளாண்ணே! குழி தோண்டியும் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தக் காலத்து ஆளுக என்னத்தையோ சொல்லி நம்மளைப் பயமுறுத்தி வச்சிருக்காக."

எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சப்பனும் சிரித்தான். "எல்லாம் சாமி பாத்துக்கிருச்சு" என்றாள் ஆத்தா. நானும் சிரித்தேன். சந்திரவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தோளில் போட்டுத் தட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதுவரைக்கும் எனக்குள் ஒரு மூலையில் ஒரு சமாதானம் இருந்தது. ஒருவேளை அன்றைக்குத் தோண்டியிருந்தாலும் ஏதாவது ஆகியிருக்குமோ, யார் கண்டது என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். இந்தப் பிள்ளை கொழுகொழுவென்று பிறந்து அதையும் எடுத்துவிட்டாள்.

சந்திரவல்லி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"தோண்டியும் இவ நல்லாயிருக்கா. அப்ப அவன் எதுக்குங்க போனான்?"

எதற்கென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.